தடியன் மறக்க வேண்டிய வித்தை

நாத்தனார் வந்தபோது அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த சட்டையையே மறுபடி பிரித்து மடிப்பதைக் கவனித்த நாத்தனார், கவனிக்காதவள்போலப் பையை மேசைமேல் வைத்தாள்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. கணவன் லிஃப்ட் மெக்கானிக். கோடைக்கு முன்பு ஒருநாள், வேலைக்குப் போன கட்டடத்தில் கருவிப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து அவளுக்கு எல்லாமே மரத்துப்போயிற்று. "மனசு விட்டு அழுதுடு" என்று சொல்லாத ஆள் பாக்கியில்லை. எல்லாரிடமும் தலையை ஆட்டிவைத்தாள். சீக்கிரமே வேலைக்கும் திரும்பிவிட்டாள். ஒருதடவை "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றவள் விடச் சொல்ல மறந்துபோக, முகம் சிவந்து நின்ற பெரியவரே கேட்க வேண்டியதாயிற்று: "இப்ப விட்டுக்கலாமாம்மா?"

நாத்தனார் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். பேச்சுக்குக் குறைவில்லாதவள். அன்று மட்டும் தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அண்ணி, அண்ணனோட பழைய கேம் இருக்கா? நாங்க ரெண்டு பேரும் சின்ன வயசுல விளையாடினது."

அவள் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மூலை உடைந்த கையடக்கக் கருவி, அதன் முதுகில் செருகிய கேசட். காட்டிலும் கடலிலும் திரியும் விநோதப் பிராணிகளைப் பிடித்து வளர்க்கிற விளையாட்டு அது. கல்யாணத்துக்குப் பிறகும் அவன் அதை விடவில்லை. குளியலறைக்குள்கூடக் கொண்டுபோவான்.

"இந்தக் கேசட்டுக்குள்ள ஒரு பேட்டரி இருக்கு. அது செத்துட்டா..." நாத்தனார் வார்த்தையை விழுங்கப் பார்த்தாள்.

"பரவால்ல, சொல்லு."

"அண்ணன் பிடிச்சது எல்லாம் அதோட போயிடும். அதுக்குள்ள புதுக் கருவிக்கு மாத்திடலாம்னு பார்க்கிறேன். ஒரே தாவுல போகாது. முதல்ல நடுவுல வந்த கருவிக்கு, அங்கிருந்து புதுசுக்கு. ஒருதடவை போனா திரும்பி வர முடியாது."

"செய்யேன்."

நடுக்கருவி நாத்தனாருடையது. அதில் பழைய கேசட்டுக்கும் தனியாக ஓர் இடம் இருந்தது. ஒவ்வொன்றாக அனுப்ப ஆரம்பித்தாள். ஒற்றைக் கொம்புக் குருவி போனது. வாலில் விளக்கு வைத்த பல்லி போனது. முதுகில் பாசி படர்ந்த, ஆமையா யானையா என்று சொல்ல முடியாத ஒன்றுமட்டும் போக மறுத்தது. 'தடியன்' என்று பேர் வைத்திருந்தான்.

"இது ஏன் போகல?"

"இதுக்குக் கடல் தாண்டுற வித்தை தெரியும். அதை வச்சுக்கிட்டு வெளிய போக விடமாட்டாங்க. இது போயிட்டா, பழைய கேம்ல இருக்கிற ஆள் ஏதாவது தீவுல மாட்டிப்பான்ல? அதனால வித்தையை மறக்கடிக்கணும். அதுக்குன்னு ஒரு ஊர்ல ஒரு ஆள் இருக்கான்."

கேசட்டைப் பழைய கருவியிலேயே திரும்பச் செருகினார்கள். கணவன் கடைசியாக விளையாடி நிறுத்திய இடம் ஒரு குட்டித் தீவு. தொப்பி போட்ட பையன் ஒருவன் கரையோரம் கடலைப் பார்த்து நின்றான். அவன் அந்த ஊருக்குப் போக, தடியன் முதுகைத் தவிர வேறு வழியில்லை.

"நீங்க ஓட்டுங்க அண்ணி."

அவள் வாங்கிக்கொண்டாள். பொத்தானை அழுத்தினால் அலை, அலைக்குப் பின்னால் அலை. தடியன் அவசரப்படாமல் நீந்தியது. ஒரே ராகம் திரும்பத் திரும்ப ஒலித்தது. குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து எத்தனையோ முறை கேட்ட ராகம். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கட்டைவிரல்தான் வலித்தது.

அந்த ஊர்க் குடிசையில் இருந்தவன் கேட்டான்: கடல் தாண்டும் வித்தையைத் தடியன் மறந்துவிடட்டுமா? கீழே ஆம், இல்லை.

நாத்தனார் கருவியை வாங்கினாள். விரலைப் பொத்தான்மேல் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"என்னால முடியல."

அவள் ஆம் என்பதை அழுத்தினாள். எக்ஸ்ரே அறைப் பொத்தானை அழுத்துவதுபோலத்தான். மடித்துவைத்த துணியிலிருந்து நாத்தனார் ஒரு துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அதற்கப்புறம் தடை ஏதும் இல்லை. நடுக்கருவிக்குப் போன பிராணிகள் அங்கே ஒரு பூங்காவில் அவிழ்த்துவிட்டதுபோலத் திரிந்தன. ஒவ்வொன்றையும் புதிதாகப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு நாத்தனார் பையிலிருந்து புதுக்கருவியை எடுத்தாள்.

"உங்க பேர்லயே ஆரம்பிக்கிறேன். உங்ககிட்டயே இருக்கட்டும்."

"எனக்கெதுக்கு?"

"எனக்கும் தெரியல அண்ணி."

தடியன் வந்து சேர்ந்தது. பிடித்தவர் என்ற இடத்தில் கணவன் பெயர் அப்படியே இருந்தது. நாத்தனார் அதை ஒரு வண்டோடு சண்டைக்கு விட்டு, "அடிக்கச் சொல்லுங்க" என்றாள். அவள் சொன்னாள். தடியன் முதுகைத் திருப்பிக்கொண்டு தூங்கிவிட்டது. இன்னொரு தடவை சொன்னாள். கொட்டாவி விட்டது. வண்டு அதைக் கொட்டிக்கொண்டே இருந்தது.

"என்ன இது?"

"அடுத்தவங்க வளர்த்தது பதக்கம் இல்லாதவங்க பேச்சைக் கேக்காது. நீங்க முதல்லேர்ந்து விளையாடி, ஊர் ஊராப் போய்ப் பதக்கம் ஜெயிக்கணும்." நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணன் வளர்த்ததாச்சே. அவன் மட்டும் என்னைக்கு நாம சொன்னதைக் கேட்டான்?"

அவள் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பென்று சொல்ல முடியாது. நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் அவள் சட்டையை மடிக்க ஆரம்பித்திருந்தாள்.

"சாப்பிட்டுத்தானே வந்தே?"

"இல்ல அண்ணி."

"முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று அடுப்படிக்குப் போனாள்.

சில நாள் கழித்து, பார்லரில் ஒருத்திக்கு முடி வெட்டிக்கொண்டிருந்த நாத்தனாரின் ஃபோன் அடித்தது. துக்கத்துக்குப் பிறகு அண்ணி தானாக அழைத்ததே கிடையாது. பயந்துபோய் எடுத்தாள்.

"சாப்பாட்டு நேரம் முடியப்போகுது. ஒரு குகைக்குள்ள மாட்டிக்கிட்டேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் வௌவாலா வருது. எப்படி வெளிய வர்றது?"

நாத்தனார் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "இடது பக்கம் அண்ணி. சுவரை ஒட்டியே போங்க."

"இரு, வச்சுடாத" என்றாள் அவள்.