அம்மாக்கண்ணுவின் ஆறாவது ஆசை

அம்மாக்கண்ணு தன் கடைசி மகளை ராகலையில் கட்டிக் கொடுத்தாள். கல்யாணம் முடிந்த மறுநாளே தேயிலை மலைக்கு வந்து தன் செடி வரிசையில் நிரை பிடித்தாள். எனக்குப் பக்கத்து நிரை அவளுடையது. பல வருஷமாக அப்படித்தான்.

கூடையின் அடி மறையும் வரை கொழுந்து எடுத்தாள். பிறகு, "மீனம்மா, இனிமே எனக்கு" என்றாள்.

"என்னாக்கா ஒங்களுக்கு?"

"புள்ளைங்களுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு. எனக்குன்னு ஆறு இருக்கு."

"கதிர்காமம் போகணுமா?"

"அது சாமிக்கு. நான் சொல்றது எனக்கு."

அவள் கை நிற்கவில்லை. பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலே கூடைக்குள் எறிந்தாள். ஒவ்வொரு எறிக்கும் ஒன்று சொன்னாள்.

"செருப்புப் போட்டுக்கிட்டு, பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்தக் குறுக்க நடக்கணும்."

"ரயில்ல சன்னல் ஓரமா உக்காந்து போகணும். மூட்ட மேல இல்ல. பலகையில."

"ஹட்டன்ல கடைக்குள்ள போயி, மேசையில உக்காந்து தோசை திங்கணும்."

"காலையில வேலைக்கு எழுப்பத் தப்பு அடிச்ச பொறகும் போத்திக்கிட்டுப் படுத்திருக்கணும். காய்ச்சல் இல்லாம."

"ஒரு தேயிலச் செடிய வெட்டாம விட்டு, எம்புட்டு ஒசரம் போவுதுன்னு பாக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் புருஷன் சிவசாமி கவ்வாத்துக்காரர். தோட்டத்தில் அவரைப் போலச் செடியை மட்டமாக வெட்ட ஆள் இல்லை.

"அஞ்சுதான் ஆச்சு" என்றேன்.

அவள் அடுத்த செடிக்கு நகர்ந்தாள். பகல் கொழுந்து நிறுவை முடிந்து திரும்பும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாள். முன்னால் போனவர்கள் போகட்டும் என்று நின்றோம்.

"ஆறாவது இது. சாயந்தரம் வீட்டுக்கு வாறேன். அடுப்பு எரியுது. சோறு ஆக்கியிருக்கு. நான் உக்காருறேன். அவரு போடுறாரு."

இதற்கு நான் சிரிக்கவில்லை.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆண்களுக்கு வேலை பகலோடு முடிந்துவிடும். குளித்து, வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து பீடி பிடிப்பார்கள். நாங்கள் கடைசி நிறுவை முடிந்து, விறகு பொறுக்கி, இருட்டும் நேரத்துக்கு வருவோம். அதன் பிறகுதான் அடுப்பு எரியும். அவர்கள் சாப்பிடுவார்கள். பிள்ளைகள் சாப்பிடும். பானையில் இருப்பதை நாங்கள் சாப்பிடுவோம். இதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. மழையைக் குறை சொல்வதில்லையே, அதுபோல.

"மாமாகிட்ட சொல்லிப் பாருங்களேன்."

"சொல்லிச் செஞ்சா அது வேல. வேல சொல்றதுக்குத்தான் கங்காணி இருக்காரு. ஒன் மாமாவுக்காத் தோணணும்."

"தலவலின்னு படுத்துப் பாருங்க. தன்னால அடுப்பு மூட்டுவாரு."

"அது நோவுக்குக் காய்ச்சுற கஞ்சி. எனக்கு இல்ல." அவள் என் கையை விடவில்லை. "நீயும் வாயத் தொறக்கக் கூடாது."

நான் திறக்கவில்லை. மற்ற ஐந்தும் இரண்டு நாளில் மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. நிரைக்கு நிரை பேச்சு போவதை யார் தடுப்பது? ஆறாவது எங்கள் இரண்டு பேரோடு நின்றது.

முதலில் செருப்பு. கினிகத்தேனையில் வாங்கினாள். ஒரு திங்கட்கிழமை காலையில் அதைப் போட்டுக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு வந்தாள். அலுவலகத்துக்கு முன்னால் பேர் பதியும் உத்தியோகத்தர் கண்டாக்கு நின்றார். கங்காணி சோலைமலை அவர் பக்கத்தில் நின்றார். அந்த இடத்தில் எங்களில் யாரும் செருப்போடு நடந்ததில்லை. நடக்கக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை.

"என்னா அம்மாக்கண்ணு, பங்களாவுக்குக் குடி போறியா?" என்றார் கங்காணி.

"இல்லைங்க கங்காணி. மலைக்குத்தான் போறேன். காலு ரெண்டும் கூட வருது."

பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். கண்டாக்கு அவள் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். புத்தகத்தைத் திறந்து பேர் கூப்பிட ஆரம்பித்தார். அவள் களத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நடந்தாள். மலை ஏறும் இடத்தில் செருப்பைக் கழற்றிக் கல்லடியில் வைத்தாள்.

"வழுக்குது" என்றாள். "ஆனா நடந்தாச்சு."

லயத்துக்குப் பின்னால், அவள் போஞ்சிக் கொடி போட்டிருந்த இடத்தை ஒட்டி ஒரு தேயிலைச் செடி தனியாக நின்றது. எந்த மலைக் கணக்கிலும் சேராத செடி. அதை வளர விட்டுவிட்டாள். புருஷனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சிவசாமி மாமா தினமும் கத்தியோடு அந்த வழியாகத்தான் வருவார். செடி இடுப்பைத் தாண்டியதும் அவர் நடை அங்கே தயங்க ஆரம்பித்தது. ஒரு நாள் கிட்டப் போய்க் கிளையில் கத்தியை வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கத்திப் பிடியால் முதுகைச் சொறிந்துகொண்டு வந்துவிட்டார்.

"கை அரிச்சிருக்கும், பாவம்" என்றாள்.

செடி அவர் தலையைத் தாண்டியது. வெள்ளையாகப் பூத்தது. லயத்துச் சனங்கள் வந்து பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து அந்தச் செடிகளுக்குள்தான் நிற்கிறோம். அது மரம் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தோம்.

தப்பு அடித்த பிறகும் படுத்திருந்த கதையை அவளே சொன்னாள். மாமா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாராம்.

"காய்ச்சலா?"

"இல்ல."

"பின்ன?"

"படுத்திருக்கேன்."

"தேத்தண்ணி?"

"நான்தான் படுத்திருக்கேனே."

அவர் தேத்தண்ணி குடிக்காமலே பெரட்டுக்குப் போனார். அன்றைக்கு வேலைக் கணக்கில் அவளுக்குப் பேர் விழவில்லை. சம்பளம் போனதைப் பற்றி அவள் பேசவில்லை. "எல்லாரும் போன பொறகு லயத்துல என்னா சத்தம் கேக்கும்னு ஒனக்குத் தெரியுமா?" என்றாள். "கோழி நடக்குறது கேக்குது மீனம்மா. காலு வைக்கிறது கேக்குது."

ரயிலும் தோசையும் ஒரே பயணத்தில் நடந்தன. மகளைப் பார்க்கப் புருஷனும் பெண்டாட்டியும் றொசல்லையில் ரயில் ஏறினார்கள். மாமா பழக்கத்தில் சன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டார். அவள் நின்றாள்.

"உக்காரு, எடம் இருக்கே."

அவள் சன்னலைப் பார்த்தாள். அவரும் சன்னலைப் பார்த்தார். நகர்ந்தார். இறங்க வேண்டிய நானுஓயா வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லையாம். ரயில் குகைக்குள் நுழைந்தபோதும் தலையை உள்ளே இழுக்கவில்லையாம். முகமெல்லாம் எஞ்சின் கரி.

திரும்பும்போது ஹட்டனில் இறங்கிக் கடைக்குப் போனார்கள். அங்கே நடந்ததை நான் அவள் வாயால் கேட்கவில்லை. மாமா எங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னார். உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது.

"ரெண்டு தட்டும் ஒண்ணா வந்திச்சு முத்துலிங்கம்."

"கடையில அப்பிடித்தாண்ணே வைப்பான்."

"அவ எதுத்தாப்புல உக்காந்து சாப்பிட்டா. அவ சாப்பிட்டு நான் பாத்ததில்ல."

"நல்லாச் சொன்னீங்க. மூணு புள்ளைங்களக் கட்டிக் குடுத்துட்டு."

"இல்லடா. நான் கை கழுவிட்டு வெளிய வந்துருவேன். அவ எப்ப சாப்பிடுறா, என்னா சாப்பிடுறா, எனக்குத் தெரியாது." பீடி அணைந்திருந்தது. அவர் பற்ற வைக்கவில்லை. "ஓரத்துல இருந்து பிச்சுப் பிச்சுத் திங்கிறா. மொறுமொறுன்னு இருக்குறத கடைசிக்கு ஒதுக்கி வச்சிக்கிறா. சின்னப்புள்ள மாதிரி."

என் வீட்டுக்காரர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

மறுநாள் நிரையில் இதை அவளிடம் சொன்னேன். அவள் கொழுந்து எடுத்துக்கொண்டே இருந்தாள். காது சிவந்திருந்தது.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஆடி போனது, தை போனது. மாமா பகலில் வந்தார், குளித்தார், இஸ்தோப்பில் உட்கார்ந்தார். அவள் விறகோடு வந்து அடுப்பு மூட்டினாள். ஐந்து முடிந்து, ஒன்று அப்படியே கிடந்தது. நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

சித்திரையில் மழை விழுந்து கொழுந்து பொங்கியது. கடைசி நிறுவை தள்ளிப் போன ஒரு நாள், நாங்கள் இறங்கி வரும்போது லயத்திலிருந்து ஒப்பாரி கேட்டது. காளியாயியின் குரல். லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டுக் கிழவி அவள்.

"யாரு வீட்டுல?" என்றாள் அம்மாக்கண்ணு.

திருப்பம் தாண்டியதும் தெரிந்தது. அம்மாக்கண்ணு வாசலில்தான் கூட்டம். "எம் மக" என்று சொல்லிக்கொண்டு கூடையோடு ஓடினாள்.

காளியாயி அவளைப் பார்த்தாள். ஒப்பாரி பாதியில் நின்றது. எழுந்து வந்து அவள் கன்னத்தையும் தோளையும் தடவினாள்.

"அடி பாவி, நீ சாகலையா?"

"நான் எதுக்குச் சாகணும்?"

நடந்தது இதுதான். காளியாயி பீலியில் விழும் தண்ணீரைப் பிடிக்கப் போனாள். புகை வரக் கூடாத நேரத்தில் அம்மாக்கண்ணு காம்பராவிலிருந்து புகை வந்தது. எட்டிப் பார்த்தாள். சிவசாமி மாமா குந்தி உட்கார்ந்து ஊதாங்குழலால் ஊதிக்கொண்டிருந்தார். கண் சிவந்து தண்ணீர் வழிந்தது. அடுப்பில் பெரிய பானை. வாய் வரை தண்ணீர் கொதித்தது. எங்கள் லயத்தில் பெண்டாட்டி பிள்ளை பெற்றாலோ, நோவில் படுத்தாலோ, செத்தாலோதான் ஆண் அடுப்பு ஊதுவான். பிள்ளை பெறும் வயது அம்மாக்கண்ணுவுக்குத் தாண்டிவிட்டது, காலையில் நல்லபடியாக மலைக்கும் போனாள். "என்னாய்யா ஆச்சு?" என்று காளியாயி கேட்டாள். புகையில் அவரால் பேச முடியவில்லை. போ என்று கையை ஆட்டினார். மலையில் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது, குளிப்பாட்டத் தண்ணீர் காய்கிறது என்று முடிவு செய்து காளியாயி வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே மாமாவுக்கு ஒப்பாரி கேட்டிருக்கிறது. வேறு யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். சோற்றை விட்டு எழுந்து வர முடியவில்லை.

இப்போது அவர் வாசலில் நின்றார். கையில் அகப்பை. நெற்றியில் கரி. கூட்டம் அவரைப் பார்த்தது. முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும்.

ஒப்பாரி கேட்டு வந்திருந்த கங்காணி, "சிவசாமி, நாளைக்குக் கத்திய வச்சிட்டு அகப்பையோட பெரட்டுக்கு வா. பேர் போடுறேன்" என்றார்.

"சீல ஒண்ணு குடுங்கடி அவருக்கு" என்றது ஒரு குரல்.

மாமாவின் முகம் இறுகியது. அகப்பையைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். "பசிச்சிச்சு" என்றார். "அதான் ஆக்குனேன்."

இந்த நேரத்தில் அவர் தனக்கு ஒரு தட்டுப் போட்டு உட்கார்ந்துவிட்டால், பசித்தவன் ஆக்கித் தின்றான் என்றாகிவிடும். அவ்வளவுதான். இன்னொரு நாள் வராது. இத்தனை சிரிப்புக்குப் பிறகு எந்த ஆண் அடுப்பைத் தொடுவான்? நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். சொல்லிவிடலாம் என்றுதான். அம்மாக்கண்ணு என்னைப் பார்த்தாள். நின்றுவிட்டேன்.

அவள் கூடையை இஸ்தோப்பில் இறக்கினாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து உதறினாள். கை கால் கழுவினாள். புருஷனைத் தாண்டி உள்ளே போனாள். சுவரை ஒட்டி, தினமும் அவர் உட்காரும் இடத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். யாரையும் பார்க்கவில்லை. எதுவும் கேட்கவில்லை.

சிரிப்பு குறைந்தது. மாமா நிலைப்படியில், எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றார்.

"பசிக்குதுன்னியே, போட்டுத் தின்னப்பா" என்றார் கங்காணி.

மாமா திரும்பினார். உள்ளே போய்த் தட்டை எடுத்தார். ஒன்றுதான் எடுத்தார். தோள் துண்டால் துடைத்தார். பானையிலிருந்து சோற்றை அள்ளி வைத்தார். அது சோறாக விழவில்லை, கட்டியாக விழுந்தது. பருப்பை ஊற்றினார். கருவாடு ஒரு பக்கம் தீய்ந்திருந்தது. தீய்ந்ததைப் பிய்த்து ஓரமாகப் போட்டுவிட்டு மிச்சத்தை வைத்தார். தட்டைக் கொண்டுபோய் அவளுக்கு முன்னால் வைத்தார்.

"கொழஞ்சிருச்சு" என்றார்.

அவள் பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

"உப்பு" என்றாள்.

அவர் எழுந்து போய் உப்பு எடுத்து வந்தார். அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டு நடையைக் கட்டினார். மற்றவர்கள் நின்றார்கள். "ஒரு மனுசி சாப்பிடுற எடத்துல என்னாடி வேடிக்க? போங்கடி" என்று காளியாயிதான் விரட்டினாள்.

நான் என் காம்பராவுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் அப்போதுதான் ரோட்டுக் கடையிலிருந்து வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார்.

"அங்க என்னா கூட்டம்?"

"அம்மாக்கண்ணு அக்கா சாப்பிடுறாங்க."

"அதுக்கா இம்புட்டுக் கூட்டம்?"

"அதுக்குத்தான்" என்று சொல்லிக் கூடையை இறக்கினேன்.