வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கடிதம்

இருபத்து மூன்று பேராசிரியர்களுக்கு ஒரே மின்னஞ்சலைத் தட்டிவிட்டு, அத்தனை பேர் முகவரியும் அத்தனை பேர் கண்ணிலும் படும்படி செய்தவன் நம் ஆள் ஒருவனாகத்தான் இருப்பான். அதிலும் முதல் வரி, ‘உங்கள் ஆய்வுக்கூடத்தைத் தவிர வேறெங்கும் சேர எனக்கு விருப்பமில்லை.’ இருபத்திரண்டு பேர் வாயே திறக்கவில்லை. சூரிய மின்தகடுகளை ஆராயும் ஓர் அம்மையார் மட்டும், சிரித்து முடித்த பிறகாக இருக்கும், நேர்காணலுக்குக் கூப்பிட்டார். முக்கால் மணி நேரம் குடைந்துவிட்டு, முனைவர் பட்ட வழிகாட்டியின் பரிந்துரைக் கடிதம் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் வந்துவிட்டால் பட்டத்துக்குப் பிந்தைய போஸ்ட்டாக் ஆய்வு வேலை உனக்குத்தான் என்றார்.

இன்று வெள்ளிக்கிழமை. மணி மூன்று. விண்ணப்பப் பக்கத்தில் ‘கடிதம் வரவில்லை’ என்ற மஞ்சள் பட்டை பல்லை இளித்தது. இந்த மாதத்தோடு அவனுடைய ஆய்வுக்காலம் முடிகிறது. வேறு இடம் எதுவும் கையில் இல்லை.

பத்து நாளாகவே அவனுக்குச் சந்தேகம். எப்போது கேட்டாலும் வழிகாட்டி, ஆகிக்கொண்டிருக்கிறது என்றார். கதவைத் தட்டினால் நிமிர்ந்தும் பார்க்காத மனிதர் இப்போது நாற்காலியை இழுத்துப் போடுகிறார். இவன் தலை தெரிந்ததும் மடிக்கணினியை மூடுகிறார். செவ்வாயன்று தேநீர் வேறு வாங்கிக் கொடுத்தார். ஐந்து வருடத்தில் முதல் தேநீர். கோப்பையின் அடி தெரியும்வரை அதற்குள் உற்றுப் பார்த்தபடியே குடித்தான்.

தன்னைக் கிழித்துத் தொங்கவிட்டு எழுதுகிறாரோ? இல்லை, அந்த இடத்துக்கு வேறு ஆளைத் தள்ளுகிறாரோ? மனைவியிடம் போனில் புலம்பினான். அவள் அலுத்துப்போயிருந்தாள்.

“கடுதாசி எழுதவேண்டியது நானா? போய் அவரையே கேளுங்க.”

போகிற வழியில் மாமியார் உறுமிக்கொண்டிருந்தது. வெற்றிடத்தில் வைத்துக் கண்ணாடிமேல் உலோகம் பூசும் கிழட்டு இயந்திரத்துக்கு ஆய்வுக்கூடம் வைத்த பெயர் அது. யார் தொட்டாலும் முறைக்கும்; இவன் கைக்கு மட்டும் அடங்கும். அடக்கும் சூட்சுமத்தை இவன் எவருக்கும் சொன்னதில்லை, எங்கும் எழுதி வைத்ததுமில்லை. தன் மவுசு குறையக் கூடாதே!

வழிகாட்டி இன்றும் மடிக்கணினியை மூடப் போனார். இவன் உட்காரவில்லை.

“சார், எழுதினீங்களா இல்லையா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மடிக்கணினியை இவன் பக்கம் திருப்பினார். திரையில் இவன் பெயர் மட்டும் இருந்தது. கீழே வெறுமை.

“எழுதல. நாலு தடவை ஆரம்பிச்சு அழிச்சிட்டேன். உள்ளதை எழுதினா உன்னைக் கொத்திக்கிட்டுப் போயிடுவாங்க. மட்டமா எழுத மனசு வரல. நீ போயிட்டா மாமியாரை யாருப்பா சமாளிப்பா? அதான் விஷயம்.” ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் மேசைமேல் நகர்த்தினார். “நீ அந்தச் சூட்சுமத்தை எழுது. நான் இதை எழுதறேன். இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குல்ல?”