மஸ்கட்டிலிருந்து மெலிந்து வந்தவன்

மைசூரு மேட்டகள்ளியில் ஊதுபத்தி உருட்டும் வேலை செய்துவந்த மாதேவிக்கு, 1996 தீபாவளி சமயத்தில் ஈறு வீங்கி, பல் துலக்கும்போதெல்லாம் ரத்தம் வந்தது. பல் டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. சர்க்கரைக்குப் பார்த்த டாக்டர் சுசித்ரா மாத்திரை எழுதிக் கொடுத்து, எடையையும் குறைக்கச் சொன்னார். மிஞ்சிய கொழுப்பு உடம்புக்குள் ஓயாமல் அழற்சியைக் கிளப்பும், அது சர்க்கரையை இறங்கவிடாது, சர்க்கரை ஈறை ஆறவிடாது என்று கன்னடத்தில் பொறுமையாக விளக்கினார்.

கணவன் சித்தையன் மஸ்கட்டில் கொத்தனார். அவன் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவனுக்கு எழுதிய கடிதங்களில் மாதேவி இதையெல்லாம் சொல்லவில்லை. தூரத்தில் இருப்பவனை எதற்குக் கலங்கடிக்க வேண்டும்?

விடிந்ததும் ஹெப்பாள் ஏரிவரை நடந்தாள். களி உருண்டையைப் பாதியாக்கிக் கீரையைக் கூட்டினாள். ஒன்பது மாதத்தில் பதினோரு கிலோ இறங்கியது. ஈறு வற்றி, ரத்தம் நின்றது. தொளதொளத்த ரவிக்கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைக்கும்போது, அவன் பார்த்தால் என்ன சொல்வான் என்பதே நினைப்பாக இருந்தது.

ஆவணியில் அவன் வந்தான். பஸ் ஸ்டாண்டில் கன்னம் ஒட்டி, சட்டை தொங்க இறங்கிய ஆளைத் தாண்டி அவள் பின்னால் தேடினாள். அந்த ஆளும் அவளைத் தாண்டித் தேடினான்.

"என்ன புள்ள, இப்படி எளைச்சுப் போயிட்டே?" என்றான் கடைசியில்.

"நீங்க?"

வெயிலும் மெஸ் சோறும்தான் என்றான். வீட்டில் செருப்பைக் கழற்றியபோது பெருவிரலோரம் சிவந்து வீங்கியிருந்தது. கம்பி குத்தி ஒரு மாதமாம். வலியே இல்லையாம். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தான். மாதேவிக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் அவனைச் சோதித்த டாக்டர் சுசித்ரா, இவன் இளைத்தது நல்லதற்கில்லை, சர்க்கரை கட்டுக்கடங்காமல் உடம்பைக் கரைத்திருக்கிறது என்றார். இன்சுலின் போட்டு, தினமும் புண்ணைக் கட்ட வேண்டும், ஆறும்வரை பயணம் கூடாது.

அதைக் கேட்டதும் மாதேவிக்கு உள்ளுக்குள் சந்தோஷம் வந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. நான்கு நாள் அதைச் சுமந்து திரிந்தாள். ஐந்தாம் நாள் கட்டுப் போட்டபடியே, குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்.

"ஆறோணும்னுதானுங்க கட்டுறேன். ஆறிட்டா போயிருவீங்களேன்னும் இருக்குது."

அவன் அவள் தலையில் கை வைத்தான். "எனக்கும் அப்படித்தான் இருக்குது புள்ள."

மார்கழியில் புண் ஆறியது. எடை ஐந்து கிலோ ஏறியது. டாக்டர் ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார். கம்பெனி இரண்டு தடவை விடுப்பை நீட்டியிருந்தது, மூன்றாவது தடவை நீட்டாது. இங்கேயே வேலை தேடலாமா என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினார்கள். பாதி கட்டிக் கூரை போடாமல் நிற்கும் சொந்த வீட்டை நினைத்து, இன்னும் ஒரே ஒரு தடவை என்று முடிவானது.

தை பிறந்ததும் பம்பாய் பஸ்ஸில் அவனை ஏற்றிவிட்டாள். பஸ் திரும்பி மறைந்த பிறகு மேட்டகள்ளிக்கு நடந்தே வந்தாள். புண் ஆறியதிலிருந்து தினமும் ஏரிவரை அவள் வலது பக்கம் நடந்து வந்தவன் இல்லாமல் தோள் குளிர்ந்தது. அங்கே எத்தனை மணிக்கு அவன் சாப்பிட உட்காருவான், காலை யார் பார்ப்பார்கள் என்று வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டு நடந்தாள்.