மாமனார் ஆயில் மாற்றிய ஞாயிறு

கல்யாணமாகி இரண்டு வருடம் முடிந்தும் மாமனாரும் மாப்பிள்ளையும் ஒருவரோடொருவர் நேராகப் பேசிக்கொண்டதில்லை. சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. அளவுக்கு மீறிய மரியாதைதான். ஒரே சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளைக்கு ஃபேன் காற்று வருகிறதா என்று கேட்கச் சொல்லி மாமனார் மகளிடம் சொல்வார். மாப்பிள்ளை ஃபேனை அண்ணாந்து பார்த்துவிட்டு, நன்றாக வருகிறது என்று சொல்லச் சொல்வார். நடுவில் நிற்கிற மகள் இரண்டு பக்கமும் திரும்பித் தலையை ஆட்டுவாள்.

அவளுக்குத் தெருவில் வைத்த பெயர் ஊசி. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் சேர்க்கிற வேலை. காலை ஆறு மணிக்கு முதல் வீட்டில் இருந்தாக வேண்டும். வெறும் வயிற்றோடு காத்திருக்கிறவர்களுக்கு நிமிடத்துக்கு நிமிடம் கோபம் ஏறும். அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தமில்லை; கணவரே அப்படித்தான் கூப்பிடுவார். அவர் பொய்ப்பல் செய்கிறவர். மெழுகும் அச்சும் குட்டிக் குட்டிப் பிரஷ்களுமாக நாள் முழுக்க மேஜை முன்னால் குனிந்திருப்பார். யாரையும் அதட்டிப் பழக்கமில்லாத மனிதர்.

ஊசி ஓட்டுகிற சின்ன மோட்டார் சைக்கிள் அவள் அப்பாவுடையது. லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் வண்டியை மகளுக்குக் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு நோட்டும் வந்தது. எந்தத் தேதியில் ஆயில் மாற்றியது, எத்தனையாவது கிலோமீட்டரில் பிளக்கைச் சுத்தம் செய்தது, செயினை எப்போது இறுக்கியது எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில். பதினெட்டு வருடத்தில் ஒரு மெக்கானிக் கை வண்டியில் பட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லித்தான் கொடுத்தார்.

அதற்கப்புறம் வாரம் தவறாமல் போன். மாப்பிள்ளை செயினுக்கு எண்ணெய் போட்டாரா, மாப்பிள்ளை டயரில் காற்று பார்த்தாரா. வண்டி வேலை என்றால் ஆண்பிள்ளை வேலை என்று அவருக்கு ஒரு நினைப்பு. போட்டாச்சு, பார்த்தாச்சு என்று ஊசியும் சொல்லிவிடுவாள். அதில் பொய் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் போட்டதும் பார்த்ததும் அவள்தான். மாப்பிள்ளை பின்சீட்டில் உட்கார்ந்து வருவதோடு சரி. அவருக்கு லைசென்ஸே கிடையாது.

நாலு நாள் தங்கிப் போகலாம் என்று வந்த மாமனார், ஞாயிற்றுக்கிழமை காலை டீயைக் குடித்த கையோடு வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். நோட்டைப் புரட்டினார். ஆயில் மாற்றி மூவாயிரம் கிலோமீட்டர் ஆகிவிட்டதாம்.

"பாப்பா, இன்னிக்கே மாத்திரலாமான்னு மாப்பிள்ளைகிட்ட கேளு."

ஓரடி தள்ளி நின்றுகொண்டிருந்த மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிப்போனது. மனைவியை ஒரு பார்வை பார்த்தார். காப்பாற்று என்று அர்த்தம். ஊசிக்கு அது நன்றாகவே புரிந்தது. உள்ளே போய் ஆயில் பாட்டில், புனல், ஸ்பேனர், பழைய தட்டு, கிழிந்த துணி எல்லாவற்றையும் கொண்டுவந்து முற்றத்தில் பரப்பினாள்.

"ரெண்டு பேரும் பண்ணுங்க. ஆம்பளைங்க வேலையில நான் எதுக்கு நடுவுல?" என்று சொல்லிவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள். ஜன்னல் வழியாக முற்றம் முழுசாகத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும்.

நடுவில் ஆள் இல்லாமல் போனதும் இரண்டு பேருக்கும் திண்டாட்டமாகிவிட்டது. மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, மதில் சுவரைப் பார்த்து, முதலில் இன்ஜினை அஞ்சு நிமிடம் ஓடவிட்டால் ஆயில் இளகும் என்றார். மாப்பிள்ளை ஓடவிட்டார். தட்டைக் கீழே வைக்க வேண்டும் என்று சுவரிடம் சொன்னார். மாப்பிள்ளை வைத்தார். யார் கீழே உட்காருவது என்பதில் ஒரு சின்னப் போராட்டம். மாப்பிள்ளை கையில் கறை படக் கூடாது என்று மாமனார் வேட்டியை மடித்துக்கட்டப் பார்க்க, இந்த முழங்காலோடு மாமா உட்காரக் கூடாது என்று மாப்பிள்ளை வண்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சட்டென்று தரையில் மல்லாந்து படுத்துவிட்டார்.

இன்ஜின் அடியில் எண்ணெய் வடியும் துவாரத்தை அடைத்திருந்த போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார். போல்ட் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தார்.

எதிர்ப்பக்கம் திருப்பினால் கழலும் என்று மாமனார் சுவரிடம் மெல்லச் சொன்னார்.

கழன்றது. சூடான கறுப்பு எண்ணெய் மாப்பிள்ளையின் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை இறங்கியது. போல்ட் நழுவித் தட்டில் விழுந்தது. அவர் துழாவி எடுத்தார். எண்ணெய் வடியட்டும் என்று இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கையிலிருந்த போல்ட்டின் மேல் கண் போனது. மரை இடுக்கிலெல்லாம் அழுக்கு. பொய்ப்பல்லில் ஒரு துளி மெழுகு ஒட்டியிருந்தாலே தூக்கம் வராத மனிதர் அவர்.

மறுபடியும் கீழே படுத்து, துவாரத்தைச் சுற்றித் துணியால் துடைத்தார். எழுந்து, "ஆச்சு" என்று வண்டியிடம் சொன்னார். துடைத்தாயிற்று என்ற பொருளில்தான் சொன்னார். பிறகு ஒரு மூடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டு, தன் பிரஷ் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, படியில் உட்கார்ந்து போல்ட்டைத் தேய்க்க ஆரம்பித்தார். காலையிலிருந்து அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது அப்போதுதான்.

ஆச்சு என்றதும் போல்ட்டைப் பூட்டியாச்சு என்று மாமனார் எடுத்துக்கொண்டார். புனலை வைத்தார். புது பாட்டிலைத் திறந்து, கை நடுங்காமல், ஒரே சீராக ஊற்றினார்.

தட்டில் சளசளவென்று சத்தம் கேட்டது. மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். தேன் நிறத்தில் ஒரு கம்பி மேலிருந்து இறங்கி, கறுப்பு எண்ணெய்க்குள் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் கையில் போல்ட் பளபளத்தது.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நிறுத்துங்கள் என்று மாமனாரைப் பார்த்து எப்படிச் சொல்வது? பழக்க தோஷத்தில் சமையலறைப் பக்கம் திரும்பி, "ஊசி, மாமாகிட்ட கொஞ்சம்..." என்றார். ஊசி மறுநாள் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்கு என்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை. வேறு வழியில்லாமல் எழுந்து பக்கத்தில் போனார்.

"மாமா, போதும்."

இரண்டு வருடத்தில் மாப்பிள்ளை நேராகச் சொன்ன முதல் வார்த்தை. மாமனார் திகைத்துப்போனார். பிறகு மனம் குளிர்ந்து சிரித்தார்.

"இன்னும் பாதிதான் மாப்பிள்ளை ஊத்தியிருக்கேன்."

"பாதிதான் மாமா. ஆனா எல்லாம் கீழதான் இருக்கு."

மாமனார் குனிந்து பார்த்தார். மாப்பிள்ளை கையைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். முப்பது வருடம் ஒவ்வொரு கட்டடமாக ஏறி இறங்கி, ஒரு திருகாணி தளர்ந்திருந்தாலும் கையெழுத்துப் போடாமல் திரும்பி வந்தவர். புனலை எடுத்து, துணியால் சுற்றி, ஓரமாக வைத்தார்.

போனை வைத்துவிட்டு ஊசி வெளியே வந்தாள். தட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, லிஃப்ட்டுக்குக் கீழ தரை இருக்கான்னு பார்த்துட்டுதானே சர்டிஃபிகேட் குடுப்பீங்க?"

போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தது நான்தான், தப்பு என் மேல் என்றார் மாப்பிள்ளை. பார்க்காமல் ஊற்றியது நான்தான் என்றார் மாமனார். யார் தப்பாக இருந்தாலும் நாளைக் காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்பியாக வேண்டும், போய் ஆயில் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று இருவரையும் தெருவுக்கு அனுப்பிவைத்தாள் ஊசி.

முதல் கடை பூட்டியிருந்தது. இரண்டாவது கடையில் வேறு ரகம்தான் இருந்தது. மூன்றாவது கடை எங்கோ கடைசித் தெருவில் இருப்பதாகச் சொன்னார்கள். முழங்காலுக்காக மாமனார் மெதுவாக நடந்தார். மாப்பிள்ளையும் மெதுவாக நடந்தார். பாதி வழியில் ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்தபோது மாமனார் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் ஒரு தடவகூட ஆயில் மாத்துனதில்ல மாப்பிள்ளை."

மாப்பிள்ளை அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

ஆபீசில் கூட வேலை பார்த்த ஒரு மெக்கானிக்தான் எல்லாம் செய்வாராம். லிஃப்ட் மெக்கானிக், ஆனால் எந்த இயந்திரமும் அவருக்குக் கைவந்தது. இவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நோட்டில் தேதி எழுதுவாராம். வீட்டில் சொல்லும்போது, மாற்றினோம் என்பது நாளாவட்டத்தில் மாற்றினேன் என்று ஆகிவிட்டதாம். இதைச் சொல்லும்போது அவர் காது மடல் சிவந்திருந்தது.

மாப்பிள்ளை சுற்றும்முற்றும் பார்த்தார். தனக்கு வண்டி ஓட்டவே தெரியாது என்று அவரும் சொல்லிவிட்டார். வாரா வாரம் செயினுக்கு எண்ணெய் போட்டதெல்லாம் உங்கள் மகள்தான் என்றார். மாமனார் முதலில் நம்பவில்லை. நம்பியதும் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கடைசித் தெருக் கடைக்காரர் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சரியான ஆயில் அவரிடம் இருந்தது.

திரும்பி வந்தபோது வண்டியில் வேறு வேலை பாக்கியில்லை. போல்ட்டைப் புது வாஷரோடு பூட்டி, பிளக்கைச் சுத்தம் செய்து, ஏர் ஃபில்டரை உதறி மாட்டி, செயினையும் இழுத்துச் சரிபார்த்திருந்தாள் ஊசி. தெருமுனையிலேயே இரண்டு பேரின் சிரிப்பும் அவளுக்குக் கேட்டிருந்தது. வாசலுக்கு வந்ததும் சிரிப்பு டக்கென்று நின்றுவிட்டது. என்ன விஷயம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

"ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு மணி நேரம்?" என்றாள்.

ஆயிலை அவளே ஊற்றினாள். அளவு பார்த்தாள், ஸ்டார்ட் செய்தாள், ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். வண்டி இழைந்துகொண்டு போனது.

கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் அப்பா முற்றத்து ஸ்டூலில் வாயை அகலத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கணவர் டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதமாகக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறதாம். மகளிடம் சொன்னால் ஊசியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாளோ என்று சொல்லவில்லையாம்.

"இது எத்தனாவது கிலோமீட்டர் சர்வீஸ்?" என்று கேட்டாள் ஊசி.

அப்பா வாயை மூடாமலே ஏதோ சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. கணவருக்குப் புரிந்தது போலிருக்கிறது, டார்ச் வெளிச்சம் குலுங்க அவர் சிரித்தார்.