சத்தமில்லாமல் திறந்த பெட்டி

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. தபீதாள் டீச்சர் சொன்னது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் காலை ரயிலில் நாலு வருஷமாக நானும் அவரும் எதிரெதிர் இருக்கை. எனக்குச் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன், அல்லது எழுதுவதாக வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். டீச்சர் வரலாறு நடத்துகிறவர். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. செங்கல்பட்டில் இறங்கி, பஸ் பிடித்து, இன்னும் முக்கால் மணி நேரம் போனால்தான் அவருடைய பள்ளிக்கூடம் வரும்.

அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தும் அறக்கட்டளைக்குச் செம்பாக்கத்திலும் ஒரு பள்ளி உண்டு. டீச்சர் வீடு கிழக்குத் தாம்பரத்தில். ஷேர் ஆட்டோவில் ஏறினால் கால் மணி நேரத்தில் செம்பாக்கம் போய்விடலாம். அங்கே வரலாற்றுக்கு ஓர் இடம் காலியாக வேண்டும் என்று ஆறு வருஷம் காத்திருந்தார். இந்த வருஷம் காலியானது. இணையத்தில் விண்ணப்பித்தார். பட்டியல் வந்தபோது அவர் பெயருக்கு எதிரே “விண்ணப்பிக்கவில்லை” என்று இருந்தது.

மேல்முறையீடு செய்திருக்கிறார். திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு விசாரணை. அதுவரை செம்பாக்கம் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். இவ்வளவுதான் கதை. இவ்வளவுதான் என்றால் நான் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் பத்து நாளாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

“இதை எழுதட்டுமா டீச்சர்?” என்று கேட்டபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“எழுதுங்க சார். ஆனா முதல்ல எனக்கு அனுப்பணும். நான் படிச்சப்புறம்தான் மத்தவங்க.”

(ஒரு குறிப்பு. இதில் நான் அடித்துப் போட்ட வரிகளையும் விட்டுவைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் “அடித்த வரி” என்று தொடங்கி “அடித்தது இதோடு சரி” என்று முடித்திருக்கிறேன். ஒரு கோடு இழுத்தால் போதுமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என்ன ஆனது என்பது ஐந்தாம் பகுதியில்.)

2

முதல் தொடக்கம்.

அடித்த வரி: கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வெளியே கொட்டும் மழையின் ஓசையைக் கேட்டபடி, நிரந்தர இருளுக்குள் அமர்ந்திருந்த தபீதாள்... அடித்தது இதோடு சரி.

டீச்சர் கறுப்புக் கண்ணாடி போடுவதில்லை. விண்ணப்பித்தது ஏப்ரல் மாதம். மழையும் இல்லை, மண்ணும் இல்லை. நிரந்தர இருள் என்று யார் எனக்குச் சொன்னது என்று யோசித்தேன். யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் தொடக்கம்.

அடித்த வரி: இணையதளங்களும் செயலிகளும் மாற்றுத் திறனாளிகள் உட்பட அனைவரும் எளிதில் அணுகத்தக்கவையாக அமைய வேண்டியது காலத்தின்... அடித்தது இதோடு சரி.

இதைத் தட்டும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. சொல்வது சரிதான். ஆனால் அந்த வாக்கியத்தில் யாருக்கும் எதுவும் பறிபோகவில்லை. டீச்சருக்குத்தான் செம்பாக்கம் பறிபோய்க்கொண்டிருந்தது.

ஆகவே நடந்ததை நேராகச் சொல்கிறேன். காலியிடங்கள் சின்னச் சின்ன அட்டைகளாகத் திரையில் வரும். அவற்றைச் சுட்டியால் இழுத்து, வேண்டிய வரிசையில் அடுக்க வேண்டும். சுட்டியால் இழுக்க முடியாதவர்களுக்காக ஒவ்வொரு அட்டையிலும் “மேலே”, “கீழே” என்று பொத்தான் வைத்திருந்தார்கள். டீச்சரின் மடிக்கணினியில் ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது. திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள். அது சொல்லச் சொல்ல, விசைப்பலகையை வைத்தே செம்பாக்கத்தை முதலிடத்துக்கு ஏற்றிவிட்டார். “சமர்ப்பி” என்ற பொத்தானை அழுத்தினார்.

குரல் எதுவும் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் காத்திருந்தார். தப்பு ஏதும் இருந்தால் சொல்லியிருக்குமே, சொல்லவில்லை என்றால் போய்விட்டது என்றுதானே அர்த்தம் என்று கணினியை மூடிவிட்டு இட்லிக்கு ஊறப்போடப் போனார்.

பட்டியல் வந்த பிறகு சக ஆசிரியை சுபத்ரா கேட்டார், “நடுவுல ஒரு பெட்டி வந்துச்சே, ஆம், இல்லைன்னு. நீங்க ஆம் அழுத்தலையா?”

திரையின் நடுவே ஒரு பெட்டி திறந்து, இந்த வரிசைதானா என்று கேட்டிருக்கிறது. பார்க்கிறவர்களிடம் மட்டும் கேட்டிருக்கிறது. பதினைந்து நிமிஷம் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டது.

3

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. அந்தப் பெட்டியை யாரோ ஒருவர் செய்திருக்க வேண்டும். அவர் யார் என்று டீச்சருக்கும் தெரியாது, அறக்கட்டளையிலும் சொல்ல மாட்டார்கள். அதனால் ஜாய்சன் என்று ஒருவனை நானே உண்டாக்கினேன். வயது இருபத்தெட்டு. செம்பாக்கம் ஏரிப் பக்கம் வீடு. பெருங்குடியில் ஒரு சின்னக் கம்பெனி. கொடுமைக்காரனாகத்தான் செய்ய நினைத்தேன். அவன் ஒத்துழைக்கவில்லை.

அந்தப் பக்கத்தைச் சோதித்த அன்று ஜாய்சன் மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லை. “மேலே”, “கீழே” பொத்தான்களை யாரும் அவனைச் சேர்க்கச் சொல்லவில்லை, அவனாகச் சேர்த்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை. சோதித்துப் பார்க்க ஸ்கிரீன் ரீடரைப் போட்டு, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டான். ஒவ்வொரு பொத்தானாகக் குரல் சொல்லிக்கொண்டே வந்தது. “சமர்ப்பி” என்றது. அழுத்தினான். பெட்டி திறந்தது. அவன் கை தன்பாட்டுக்குச் சுட்டிக்குப் போய், “ஆம்” மேல் ஒரு தட்டுத் தட்டியது.

“இன்னா மச்சான், முடிஞ்சுதா?” என்று ஸ்ரீவத்சன் நாற்காலியைத் திருப்பினான். அந்தக் குழுவுக்கு அவன்தான் தலைவன்.

“எல்லாம் பேசுது. ஓகே.”

சோதனைத் தாளில் “ஸ்கிரீன் ரீடர்” என்ற வரிக்கு எதிரே டிக் போட்டான். பெட்டி திறந்தபோது காதில் ஒன்றுமே கேட்கவில்லை என்பதை அவன் கவனிக்கவே இல்லை. கண் பார்த்துவிட்டது, அதனால் காது கேட்ட மாதிரியே இருந்தது. பெட்டி திறந்ததும் குரல் அதற்குள் போக வேண்டும் என்று நிரலில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். திரையை அணைத்துவிட்டுச் சோதித்திருந்தால் அந்த வரி இல்லாதது அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

(இன்னொரு குறிப்பு. இதை எழுதியதிலிருந்து ஜாய்சன் மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது. அது டீச்சருக்குச் செய்யும் துரோகம் மாதிரியும் இருக்கிறது. எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை.)

4

முறையீட்டின் நகல் ஜாய்சனின் மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவன் என்ன செய்வான்? மூன்று முடிவு எழுதினேன். மூன்றையும் அடித்தேன்.

அடித்த வரி: ஜாய்சன் திரையை அணைத்துவிட்டு “சமர்ப்பி”யை அழுத்தினான். ஹெட்ஃபோனில் ஒன்றுமே கேட்கவில்லை. “தப்பு என்னுடையது, அந்த ஆசிரியை விண்ணப்பித்தது உண்மை” என்று அறக்கட்டளைக்கு எழுதினான். அடித்தது இதோடு சரி.

இது நடந்தால் நன்றாக இருக்கும். அதனாலேயே சந்தேகம் வந்தது.

அடித்த வரி: “மெயில்லாம் போடாதடா, கம்பெனி பேர் கெட்டுடும். சைலன்ட்டா சரி பண்ணிட்டுப் போ” என்றான் ஸ்ரீவத்சன். ஜாய்சன் விட்டுப்போன வரியைச் சேர்த்தான். பத்து நிமிஷ வேலை. அடித்தது இதோடு சரி.

அடித்த வரி: “நாங்கள் சோதித்தபோது பக்கம் சரியாக வேலை செய்தது. புகார் முடிக்கப்பட்டது” என்று கம்பெனியிலிருந்து பதில் போனது. அடித்தது இதோடு சரி.

எதை வைப்பதென்று தெரியாமல், மூன்றின் மேலும் கோடு இழுத்து, “முடிவு வாசகர் கையில்” என்று கீழே ஒரு வரி போட்டேன். அதைப் பெரிய சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன். வியாழக்கிழமை டீச்சருக்கு அனுப்பினேன்.

5

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் முகமே சரியில்லை. வண்டி பெருங்களத்தூர் தாண்டியதும் கேட்டார்.

“சார், அதைச் சரி பண்ணிட்டாங்களா?”

“எதை டீச்சர்?”

“பெட்டியை. ஜாய்சன் மெயில் எழுதுறாரு. ஸ்ரீவத்சன் வேணாங்கறாரு. இவர் சத்தமில்லாம சரி பண்ணிடுறாரு. அப்புறம் பக்கம் நல்லாத்தான் இருக்குன்னு பதில் போடுறாங்க. கதைதான், தெரியும். ஆனா நெசமாவே அப்படிப் பண்ணியிருந்தா? திங்கக்கிழமை அவங்க முன்னாடி நான் அழுத்துறேன், அது கிளிப்பிள்ளை மாதிரி பேசுதுன்னா? என்னை என்னன்னு நினைப்பாங்க?”

அவை மூன்று தனித்தனி முடிவுகள், மூன்றையும் நான் அடித்துவிட்டேன் என்று சொன்னேன்.

“எங்க அடிச்சீங்க?”

“கோடு போட்டிருக்கேனே டீச்சர்.”

அவர் சிரித்தார். அவர் சொல்வதற்கு முன்பே அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் புரிந்துவிட்டது.

“கோட்டை ஸ்கிரீன் ரீடர் வாசிக்காது சார். செட்டிங்ஸ்ல மாத்துனா சொல்லுமாம். நீங்க கோடு போட்டிருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் கறுப்புக் கண்ணாடியோட மழையில உக்காந்திருந்தேன், அதையும் கேட்டேன். சரி, சாருக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு விட்டுட்டேன்.”

ஜாய்சனை எழுதி முடித்து, “திரையை அணைத்துவிட்டுச் சோதித்திருந்தால்” என்று அவனுக்குப் பாடம் எடுத்தவன் நான். எழுதியதை ஒரு தடவை காதால் கேட்டுப் பார்க்கவில்லை. டிக் மட்டும் போட்டு அனுப்பிவிட்டேன். வெட்கமாக இருந்தது. அதை வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றும் குழப்பியது. நான் தனித்தனியாக எழுதிய மூன்றும் பொய். அவர் சேர்த்துக் கேட்டதுதான் நிஜம் மாதிரி இருந்தது. மனசு கேட்காமல் மெயில் எழுதி, அனுப்பாமல், சத்தமில்லாமல் சரிசெய்து, ஒன்றுமே நடக்கவில்லை என்று பதில் போடுவது. எங்கள் அலுவலகத்தில் நானே அப்படிச் செய்திருக்கிறேன். பிழையைத் திருத்துவதும் ஒருத்தருக்குக் கெடுதலாக முடியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அடித்துப் போட்ட வரிகளிலிருந்து டீச்சர்தான் அதைக் கண்டுபிடித்தார்.

6

சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர். பயிற்சிக்கென்று அறக்கட்டளை ஒரு மாதிரிப் பக்கத்தைத் திறந்தே வைத்திருக்கிறது. அன்று மதியம் சுபத்ரா டீச்சரை ஃபோனில் வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டு, ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, செம்பாக்கத்தை முதலிடத்துக்கு ஏற்றி, “சமர்ப்பி”யை அழுத்தினார்.

சாயங்கால ரயிலில் அதை எனக்குப் போட்டுக் காட்டினார். நாற்பது விநாடி. திரையில் பெட்டி திறக்கிறது. குரல் வரவில்லை. மின்விசிறி ஓடுகிறது, எங்கேயோ பிள்ளைகள் கத்துகிறார்கள். டீச்சர் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருக்கிறார். பெட்டியும் காத்திருக்கிறது. ஏப்ரலில் அவர் வீட்டிலும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“இன்னும் சரி பண்ணலை. நல்ல வேளை” என்றேன். சொன்ன பிறகுதான் எதை நல்ல வேளை என்கிறேன் என்று உறைத்தது.

“நல்லதா கெட்டதான்னே தெரியல சார். சரி பண்ணாம இருந்தா எனக்கு சாட்சி. சரி பண்ணிட்டா அடுத்த வருஷம் இன்னொருத்தருக்கு உதவும். எதை வேண்டிக்கிறதுன்னு தெரியாம ரெண்டையும் வேண்டிக்கிறேன்.”

“விசாரணையில அவங்க ஒத்துப்பாங்களா?”

“ஒண்ணுமே கேட்காததை எப்படிக் கேட்க வைக்கறது? அது எனக்கும் தெரியல.”

இறங்கும் முன் என் கதையைப் பற்றி ஒன்று சொன்னார். முடிவு வாசகர் கையில் என்று விட்டுவிடுவதுதான் கலை என்று நான் ஏதோ அளந்துகொண்டிருந்தேன்.

“அதெல்லாம் வேணாம் சார். முடிஞ்சா முடிஞ்சதுன்னு சொல்லுங்க. முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க. சும்மா நிறுத்தாதீங்க. அன்னைக்கும் அந்தப் பெட்டி சும்மாதான் நின்னுச்சு. நான் விண்ணப்பம் போயிடுச்சுன்னு நினைச்சு எழுந்து போயிட்டேன்.”

7

இன்று சனிக்கிழமை. பத்திரிகைக்கு இதை இன்றே அனுப்பியாக வேண்டும். அதற்கு முன் டீச்சருக்கு.

திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. நிஜ ஜாய்சன் எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்பதும் தெரியாது. இருந்து, இதைப் படித்தால், அந்த வரியைச் சேர்ப்பதற்கு முன் ஒரு மெயில் போட்டுவிடு தம்பி. இந்த முறை நான் கணினியை வாசிக்க வைத்து, திரையை அணைத்துவிட்டு, முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். நாலு இடத்தில் எனக்கே என் கதை புரியவில்லை. திருத்தினேன்.

முடிவை உங்களிடம் கொடுக்கலாம் என்றிருந்தேன். வாங்கி நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆம் என்று அழுத்த உங்களுக்கும் இங்கே பொத்தான் இல்லை. ஆகவே டீச்சர் கேட்ட மாதிரியே, வார்த்தையில் சொல்லிவிடுகிறேன்.

டீச்சர், இதற்குக் கீழே பெட்டி எதுவும் திறக்கவில்லை. நீங்கள் அழுத்த வேண்டியதும் ஒன்றும் இல்லை. இதுதான் கடைசி வரி, ஆனால் கதை இன்னும் முடியவில்லை.