செருப்பு, சீப்பு, சட்டை

வார இதழில் கதை வெளியான வெள்ளிக்கிழமை காலை, கதையில் இருந்த செருப்பு வீட்டில் இல்லை. கதையை எழுதியவள் ஒரு மருத்துவமனையின் ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். செருப்பு அவள் மகளுடையது. மகள் கல்லூரிப் பேருந்து கவிழ்ந்து இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது, வயது இருபது. அதுவரை செருப்பு, இடது குதிகால் தேய்ந்து, கதவோரம் கழற்றிப்போட்ட இடத்திலேயே கிடந்தது. வயரிங் வேலை செய்யும் கணவன் தெருநாயைச் சந்தேகப்பட்டான். இரண்டு மாதம் கழித்து அடுத்த கதை வந்த வெள்ளிக்கிழமை, மூன்று பல் உடைந்த சீப்பு, சிக்கியிருந்த முடியோடு போயிற்று. மாடி வீட்டுக்காரர், "நாய் தலை சீவி நான் பார்த்ததில்ல சார்" என்றார். சொன்னதற்கு வருத்தப்பட்டு, படியேறிப் போனார்.

பொருள்கள் போன இடம் கடிதங்களில் தெரியவந்தது. செருப்புக்கு முப்பத்தொரு கடிதம், சீப்புக்கு நாற்பத்தாறு. எல்லாமே வீட்டில் யாரையாவது பறிகொடுத்தவர்கள் எழுதியவை. கதையைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது செருப்பு எங்கள் வாசலில் கிடந்தது, எடுத்து வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். ஒரே ஜோடி எப்படி முப்பத்தொரு வாசலில் கிடக்கும் என்று யாரும் கேட்கவில்லை. யாரையும் இழக்காத வாசகர்கள், கதையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று குறைப்பட்டு எழுதினார்கள்.

பரிசோதனைக் கூடத்தில் சிறுநீரைப் பார்த்து 'வெளிர் மஞ்சள், லேசான கலங்கல்' என்று எழுதலாம். 'மோசம்' என்று எழுதக் கூடாது. கதைகளையும் அவள் அப்படித்தான் எழுதினாள். மகள் இறந்துவிட்டாள் என்ற வரி ஒரு கதையிலும் கிடையாது. பிளாஸ்டிக் டம்ளரின் விளிம்பில் பல் தடம், தலையணை உறையில் பேனா மை என்று கண்டதைக் கண்டபடி எழுதினாள். எழுதியவை போயின. ஒன்றரை வருடத்தில் மகளின் அறையில் நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்றுதான் மிஞ்சியது. கணவன் அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

"இத மட்டும் எழுதிடாத" என்றான். "எழுதித்தான் ஆகணும்னா பொதுவா எழுது. துயரம், கண்ணீர், கடல்னு எழுது. சாமான் வீட்டுல தங்கும்."

அவளும் எழுதிப் பார்த்தாள். சோகக் கடலும் இருண்ட வானமும் நொறுங்கிய இதயமுமாக மூன்று கதைகள். சட்டை அசையவில்லை. இதழாசிரியர் மூன்றையும் திருப்பி அனுப்பிவிட்டு, தொலைபேசியில், "கண்ணீர் நிறைய இருக்கும்மா, ஆளத்தான் காணோம்" என்றார். அதோடு எழுதுவதை விட்டாள். கணவனும் மனைவியும் வேறு வேறு நேரத்தில் சாப்பிட்டார்கள். எழுதாத எட்டாவது மாதம், ஒரு மதியம், மகளின் குரல் எப்படி இருக்கும் என்பது அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. கணவனிடம் கேட்டாள். அவன் கையில் இருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தான். அவனுக்கும் வரவில்லை. சட்டை பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

அந்த வாரம் ஒரு பழைய கதைக்கு, தாமதமாக ஒரு கடிதம் வந்தது. தீ விபத்தில் வீடும் மகளும் போனவர் எழுதியிருந்தார்: என் மகளுக்கென்று என்னிடம் இருப்பது உங்கள் சீப்பு மட்டும்தான். கணவன் அதை இரண்டு முறை படித்தான். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து, சட்டையை மேசைமேல் விரித்துப் போட்டு, அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தான்.

"மூணாவது பொத்தான் நான் தச்சது" என்றான். "அவசரத்துக்கு நூல் கிடைக்கல, செப்புக் கம்பியால தச்சேன். காலேஜே சிரிக்குதுப்பான்னா. ஆனா பிரிக்கவே இல்ல."

"எத்தன சுத்து?"

நகத்தால் நெருடி எண்ணினான். "அஞ்சு. முடிச்சு உள்பக்கம். குத்தக் கூடாதுன்னு டேப் ஒட்டினேன். அதையும் எழுதிக்கோ."

கதை ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. எழுதி முடித்ததும் சட்டையை மறுபடி பெட்டியில் வைத்துப் பூட்டினான். வெளியான வெள்ளிக்கிழமை பெட்டி பூட்டியபடியே இருந்தது. நகர்த்தியபோது எடை குறைந்திருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் வந்தன. கொடியில், ஆணியில், நாற்காலி முதுகில் சட்டை கிடப்பதாக எழுதியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும், துவைத்ததில் மூன்றாவது பொத்தான் தளர்ந்துவிட்டது, மன்னிக்கவும் என்று எழுதியிருந்தாள். கணவன் ஒரு சாண் செப்புக் கம்பி வெட்டி, உறையில் போட்டு ஒட்டி, முகவரி எழுதி, வேலைக்குப் போகும் வழியில் தபாலில் சேர்த்தான்.