வயர் எரியுது

இயந்திரங்கள் மனிதர்களின் வேலையை எப்படி விழுங்குகின்றன என்று பேராசிரியர் ஆராய்ந்துகொண்டிருந்தார். உணவு டெலிவரி ஆட்களிடம் அவர் எடுத்த பேட்டிகளைக் கேட்டுத் தட்டச்சு செய்துவந்தவள் அவர் மனைவியின் தங்கை. ஆறு மாதம் முன்பு அவர் ஒரு மென்பொருள் வாங்கினார். பேச்சை உள்ளே போட்டால் எழுத்தாகக் கக்கும். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்பதால் குடும்பத்தில் அவருக்கு 'மைக்' என்று பெயர். மைத்துனியை வேலையிலிருந்து நிறுத்தும்போது மட்டும் "போதும்மா, நன்றி" என்று முடித்துக்கொண்டார்.

அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கம்ப்யூட்டரைத் திறப்பாள், மூடுவாள், சன்னலுக்குப் போவாள், திரும்புவாள். வேறு இடங்களில் கேட்டுப் பார்த்தாள். அங்கேயும் மென்பொருள் முந்திக்கொண்டிருந்தது. இந்த லட்சணத்தில், அச்சேறப்போகும் கட்டுரையை அக்கா பெருமை தாங்காமல் அனுப்பிவைத்தாள்.

அதில் ஒரு டெலிவரிக்காரர் சொல்கிறார்: "எனக்கு வர வேண்டிய ஆர்டர் நேத்து வந்தவனுக்குப் போவுது. பாக்கப் பாக்க வயர் எரியுது சார்." இதிலிருந்து மைக் ஒரு கோட்பாட்டையே கிளப்பியிருந்தார். செயலியோடு பிணைந்த தொழிலாளி தன் உடலை மின்கம்பியாகவே உணர்கிறானாம். பெயர், 'கம்பியுடல்'. அடிக்குறிப்புகள் வேறு.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அவர் துறைக்கு ஓடினாள். போன வேலை திரும்பி வரும் வழி தெரிந்துவிட்டது.

"மாமா, அது வயர் இல்ல, வயிறு. மனுஷன் வயித்தெரிச்சல்ல பேசியிருக்கான். உங்க மெஷினுக்குக் காது சரியில்ல. என்னையே திரும்ப வெச்சுக்கங்க."

மைக் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். முகம் பேயறைந்த மாதிரி ஆனது, மெல்லத் தெளிந்தது. மாநாடு ஒன்றுக்குக் 'கம்பியுடல்' என்றே தலைப்பு வைத்துவிட்டார்களாம். கட்டுரையின் வரைவைப் படித்துவிட்டே அதை எதிர்த்துக்கூட ஒருவர் எழுதிவிட்டாராம். எதிர்ப்பு வந்தபின் ஒரு கோட்பாட்டைக் கைவிடுவது அறிவுலகத்துக்கே அவமரியாதையாம்.

"வேலைக்கு வாம்மா. பாக்கிப் பேட்டியெல்லாம் நீயே அடி. ஆனா அவங்க எங்கெல்லாம் வயிறுன்னு சொல்றாங்களோ..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. மைக் வாழ்க்கையில் இது முதல் முறை.

அவள் பழைய நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். ஒரு பெண் குரல். "வயிறு எரியுதுங்க, கேக்க ஆளில்ல." நிறுத்தினாள். மறுபடி ஓட்டினாள். அந்தக் குரலில் சந்தேகத்துக்கே இடமில்லை. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ஒற்றை விரலால் 'வயர்' என்று அடித்தாள்.

வீடு போய்ச் சேரும்வரை அவளுக்கு உள்ளே என்னவோ எரிந்துகொண்டிருந்தது. வயர் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.